வாகனக் கடனைக் காலத்திற்கு முன் தீர்த்தல்

கடன் பெறும் வழியை அறியாதவர் நம்மிடையே மிகச் சிலர். பெற்ற கடனிலிருந்து ஒழுங்காக வெளியேறும் வழியை அறிந்தவரும் மிகச் சிலரே. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே காஞ்சிபுரத்தில் நகர வங்கியும், திருவள்ளூரை அடுத்த திரூரில் கிராமக் கடன் சங்கமும் தோன்றின. அந்நாள் தொட்டு நமது இயக்கம் மக்களுக்குக் கற்பித்து வரும் பாடங்கள் இரண்டு. நியாயமான வட்டிக்குக் கடன் பெறுக என்பது ஒன்று. பெற்ற கடனைச் சரியான கணக்குடன் தீர்த்து விடுதலை பெறுக என்பது மற்றொன்று. முதற் பாடத்தை மேடைதோறும் பேசுகிறோம். இரண்டாம் பாடத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆகவே, அதனை இன்று நம் அங்கத்தினர் பலரைப் பிணித்திருக்கும் வாகனக் கடனை வைத்து எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடப்பது. அங்கே வண்டி ஆடம்பரப் பொருளன்று. புளியும் சாமையும் தேனும் கடுக்காயும் மலையை விட்டு இறங்க வேண்டும். பிரசவ வேதனைப்படும் பெண் ஜமுனாமரத்தூருக்கோ போளூருக்கோ போய்ச் சேர வேண்டும். பேருந்து வராத சிற்றூர்களில் இவ்விரண்டிற்கும் ஊரில் ஒருவர் வைத்திருக்கும் காரோ, ஜீப்போ, பிக்கப் வண்டியோ, குட்டியானை என்று மக்கள் பெயரிட்டழைக்கும் சிறிய சுமை வண்டியோதான் துணை. இவ்வண்டிகளுள் பெரும்பாலானவை ரொக்கத்திற்கு வாங்கப்பட்டவையல்ல. பைனான்ஸ் கம்பெனிகளின் கடனில் ஓடுபவை. நாம் ஆய்வுப் பணியின் பொருட்டுச் செல்லும் சங்கங்களில் அங்கத்தினர்கள் கேட்கும் கேள்விகளுள் இப்போது அடிக்கடி எழுவது இது: "இந்த வருஷம் புளி நல்ல விலைக்குப் போயிற்று, கையில் பணம் இருக்கிறது, வண்டிக் கடனை இப்பொழுதே முடித்துவிடலாமா?" சுருக்கமான கேள்விதான். இதற்கு ஒரே சொல்லில் விடை கூறுவோர் ஒன்று அறியாதவராவர், அல்லது கம்பெனியைச் சேர்ந்தவராவர்.

நகைக் கடனும் வண்டிக் கடனும்

நம் மக்கள் நன்கு பழகிய கடன் நகைக் கடன். சங்கத்தில் நகையை வைத்துப் பணம் பெற்றவர், கையில் பணம் சேர்ந்த அன்றைக்கே சென்று, அசலையும் அன்று வரை ஏறிய வட்டியையும் செலுத்தி நகையை மீட்டுக்கொண்டு வந்துவிடுகிறார். வைத்திருந்த நாளுக்கு வட்டி, வைத்திராத நாளுக்கு வட்டியில்லை. இதைவிட நேரிய கணக்கு வேறில்லை. இப்பழக்கத்தால், எல்லாக் கடனும் இவ்வாறே தீரும் என்று அங்கத்தினர் எண்ணிவிடுகிறார்.

வண்டிக் கடன் அத்தகையதன்று. அது குறித்த மாதங்களுக்கு, குறித்த தொகையாகச் செலுத்துவதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தம். ஒப்பந்தத்தைக் காலத்திற்கு முன் முடிக்க விரும்பினால், 'ஃபோர்குளோஷர்' என்ற பெயரால் கட்டணம் ஒன்று கேட்கப்படுகிறது. அக்கட்டணத்தின்மேல் நூற்றுக்கு 18 வீதம் சரக்கு சேவை வரியும் சேருகிறது. இவை ஒருபுறமிருக்க, அங்கத்தினரைத் திகைக்கச் செய்வது வேறொன்று. பாதித் தவணைகளைச் செலுத்திவிட்டோம், ஆகவே பாதி அசல் தீர்ந்திருக்கும் என்று கருதிச் செல்பவர், பாதிக்கும் மேற்பட்ட அசல் பாக்கியிருப்பதாகக் கேட்டு, ஏமாற்றப்பட்டோம் என்று மனம் வெதும்பித் திரும்புகிறார். ஏமாற்றம் சில இடங்களில் நிகழ்ந்திருக்கலாம். ஆனால் பல இடங்களில் நிகழ்வது, தொடக்கத்தில் ஒருவரும் விளக்காத கணக்கு முடிவில் வெளிப்படுவதுதான். அக்கணக்கை இங்கே விரித்துக் காட்டுவோம்.

பத்து வட்டி என்பது என்ன?

ஓர் அங்கத்தினர் பிக்கப் வண்டிக்கு ரூ.3,60,000 கடன் பெறுகிறார் என வைத்துக்கொள்வோம். "நூற்றுக்குப் பத்துதான் வட்டி, மூன்று வருஷம்" என்கிறார் முகவர். ஆண்டுக்கு ரூ.36,000 வீதம் மூன்று ஆண்டுக்கு வட்டி ரூ.1,08,000. அசலும் வட்டியும் சேர்ந்து ரூ.4,68,000. அதனை 36 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதத் தவணை ரூ.13,000. கணக்கு எளிதாகத் தோன்றுகிறது.

ஆனால் இதில் மறைந்திருப்பது யாது? மாதந்தோறும் அசலில் ஒரு பகுதி திரும்பிக்கொண்டே இருக்க, வட்டியோ முழு அசலுக்கும் மூன்று ஆண்டுகளுக்கும் போடப்பட்டிருக்கிறது. மாதாமாதம் நிலுவையில் உள்ள அசலுக்கு மட்டும் வட்டி போட்டு இதே கடனை அளந்து பார்த்தால், உண்மை வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 18 ஆகிறது. பத்து என்று சொல்லப்பட்டது பதினெட்டு. சங்கத்தில் நிலுவைத் தொகைக்கு வட்டி செலுத்திப் பழகியவர், இவ்விரு எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கம்பெனிக் கடனே மலிவு என்று முடிவு செய்துவிடுகிறார். இந்த ஒரு மயக்கத்தினால் நம் சங்கங்கள் இழந்த நல்ல அங்கத்தினர்கள் பலர்.

முதல் மாதத் தவணையான ரூ.13,000-இல் வட்டிக்குப் போவது சுமார் ரூ.5,375, அசலுக்குப் போவது ரூ.7,625 மட்டுமே. கடைசித் தவணையிலோ வட்டி ரூ.200-க்கும் குறைவு. வட்டியின் பெரும்பகுதி முன்னதாகவே செலுத்தப்பட்டு விடுகிறது. இங்ஙனம் அமைவது நிலுவைக் கணக்கின் இயல்பு. அதில் சூது ஒன்றுமில்லை. ஆனால் முன்கூட்டி முடிக்க எண்ணுபவருக்கு இதனை அறிதல் இன்றியமையாதது.

இப்பொழுது, மீதி அசலுக்கு நூற்றுக்கு 4 வீதம் கட்டணமும் அதன்மேல் வரியும் கேட்கப்படுவதாகக் கொண்டு, மூன்று காலங்களில் கடனை முடித்துப் பார்ப்போம்.

12 தவணைகள் செலுத்திய பின் முடித்தால், மீதி அசல் சுமார் ரூ.2,60,600. கட்டணமும் வரியும் ரூ.12,300. ஆக ரூ.2,72,900 செலுத்த வேண்டும். முடிக்காமல் விட்டால் எஞ்சிய 24 தவணைகளுக்கு ரூ.3,12,000 ஆகும். மிச்சம் ரூ.39,100.

18 தவணைகளுக்குப் பின் முடித்தால், மீதி அசல் சுமார் ரூ.2,03,900. பாதி அசலாகிய ரூ.1,80,000 அன்று என்பதைக் கவனிக்க. கட்டணமும் வரியும் ரூ.9,600. ஆக ரூ.2,13,500. எஞ்சிய தவணைகள் ரூ.2,34,000. மிச்சம் ரூ.20,500.

30 தவணைகளுக்குப் பின் முடித்தால், மீதி அசல் சுமார் ரூ.74,100. கட்டணமும் வரியும் ரூ.3,500. ஆக ரூ.77,600. எஞ்சிய ஆறு தவணைகளோ ரூ.78,000. மிச்சம் ரூ.400 மட்டுமே.

இதிலிருந்து பெறப்படும் பாடம் தெளிவானது. முன்கூட்டி முடிப்பதென்றால் முற்பாதியில் முடிப்பதே பயன் தரும். கடைசி ஆறு மாதங்களில் எழுபத்தேழாயிரத்தை ஒருசேரக் கொண்டுபோய்க் கொடுத்து நானூறு ரூபாய் மிச்சப்படுத்துவதைக் காட்டிலும், அப்பணத்தை விதைக்கும் கறவை மாட்டிற்கும் தறிக்கும் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

இன்னுமொன்று. கைப்பணத்தால் முடிப்பது வேறு, கடன் வாங்கி முடிப்பது வேறு. வண்டிக் கடன் உறுத்துகிறதென்று, மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்குத் தனியாரிடம் ரூ.2,13,500 வாங்கி அதனை அடைப்பவர், வட்டியாக மட்டும் மாதம் ரூ.6,400 கொடுக்கத் தொடங்குகிறார்; அசல் அப்படியே நிற்கும். ஆண்டுக்கு 18-ஐ விட்டு 36-க்குப் போவது விடுதலையாகாது. பல கடன் உடையவர், எதற்கு வட்டி மிகுதியோ அதனை முதலில் தீர்ப்பதே முறை. வண்டிக் கடன் பெரும்பாலும் இரண்டாவதாகவே நிற்கும்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் கடன் தீருமா?

முன்கூட்டி முடித்தல் என்பதற்கு நம் மக்களிடையே மற்றொரு பொருளும் உண்டு. தவணை செலுத்த இயலாதபோது, "வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருவதே அது. சாவி போயிற்று, கடனும் போயிற்று என்று எண்ணிச் சிலர் நிம்மதியாக உறங்குகின்றனர். ஓராண்டிற்குப் பிறகு வக்கீல் நோட்டீசு வருகிறது.

உண்மை நிலை இதுதான். ஒப்படைத்த வண்டி ஏலத்திற்குப் போகிறது. மேற்கண்ட கடனில் மீதி ரூ.2,03,900 இருக்க, வண்டி ஏலத்தில் ரூ.1,50,000-க்குப் போயிற்று என வைத்துக்கொண்டால், பற்றாக்குறையான ரூ.53,900-உம், வண்டியை நிறுத்தி வைத்த செலவும் ஏலச் செலவும் கடன் வாங்கியவர் தலையில் நிற்கும். அவர் கொடாவிட்டால் ஜாமீன் கையெழுத்திட்டவரைச் சாரும். மலையூர்களில் ஜாமீன்தாரர் பெரும்பாலும் அண்ணன் தம்பியாகவோ மைத்துனராகவோ இருப்பார். வண்டி போய், பணம் போய், உறவும் போகும்.

இதனினும் இடர் மிக்கது வேறொரு வழக்கம். வண்டியை மற்றொருவரிடம் கொடுத்து, "மீதி டியூவை நீ கட்டிக்கொள்" என்று வாய்ப்பேச்சில் முடிப்பது. ஆர்.சி. புத்தகமும் கடனும் பழையவர் பேரிலேயே இருக்கும். வாங்கியவர் தவணை தவறினால் கடன் பதிவேட்டில் கெடுவது விற்றவர் பெயர். வண்டி விபத்துக்குள்ளானால் நட்டஈட்டுக்குப் பொறுப்பாவதும், ஆர்.சி.யில் உரிமையாளராகப் பெயர் உள்ளவரே. 2018-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதனைத் திட்டவட்டமாகக் கூறியிருக்கிறது.

அப்படியானால் தவணை செலுத்த இயலாதவர் செய்யத்தக்கது யாது? வண்டியை ஏலத்திற்கு விடுவதைவிட, கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதத்துடன் தாமே ஆள் பார்த்து விற்பது நன்று. வாங்குபவர் கம்பெனிக்குரிய தொகையை நேரே கம்பெனிக்குச் செலுத்தி, மீதியை விற்பவரிடம் கொடுத்து, அதன்பின் பெயர் மாற்றம் செய்துகொள்ள வேண்டும். ஏலத்தில் ஒன்றரை இலட்சத்துக்குப் போகும் வண்டி, நேர் விற்பனையில் இரண்டு இலட்சத்திற்கு மேற்போகக் கூடும். அவ்வேறுபாடே ஒரு குடும்பத்தைக் காக்கும். ஒருகால் வண்டியை ஒப்படைத்தே தீரவேண்டுமெனில், ஒப்படைத்த நாள், வண்டியின் நிலை, அன்றைய நிலுவை ஆகியவை குறித்த ரசீது இன்றிச் சாவியைக் கைவிடலாகாது. அடியாட்களை ஏவி வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-இல் வன்மையாகக் கண்டித்திருக்கிறது என்பதையும் அங்கத்தினர் அறிந்திருத்தல் வேண்டும்.

சட்டம் கொடுத்ததும் கொடாததும்

பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டப்படி, வாடகைக் கொள்முதல் முறையில் கார் வாங்கியவர், மொத்த விலையில் பாதியளவு செலுத்தியிருந்து, காரையும் நன்னிலையில் ஒப்படைத்தால், மேற்கொண்டு பொறுப்பின்றி ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். நம் நாட்டிற்கு இது புதிய கருத்தன்று. 1972-ஆம் ஆண்டிலேயே நமது பாராளுமன்றம் வாடகைக் கொள்முதல் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. எந்நேரமும் மீதியைச் செலுத்திப் பொருளைத் தனதாக்கிக்கொண்டு வட்டியில் தள்ளுபடி பெறும் உரிமையையும், பதினான்கு நாள் அறிவிப்புக் கொடுத்துப் பொருளைத் திருப்பித் தந்து விலகும் உரிமையையும் அச்சட்டம் வகுத்தது. பாதி விலைக்கு மேல் செலுத்தியவரிடம், விலகியதற்கென்று ஒப்பந்தத்தில் குறித்த தொகையைக் கேட்கலாகாது என்றும் கூறியது. ஆனால் அச்சட்டம் நடைமுறைக்கு வரவேயில்லை. ஏட்டிலேயே முப்பது ஆண்டுக்கு மேல் இருந்து, 2005-இல் நீக்கப்பட்டது. இன்றைய வண்டிக் கடன்கள் பெரும்பாலும் வாடகைக் கொள்முதல் அல்ல. வண்டியை ஈடாக வைத்த கடன்கள். எனினும் கடனாளியின் வெளியேறும் உரிமையைச் சட்டத்தில் எழுதிவைக்கும் தேவை அப்படியே நிற்கிறது.

இவ்விடத்தை ரிசர்வ் வங்கியின் விதிகள் ஓரளவு நிரப்பியுள்ளன. 2025 ஜூலையில் அவ்வங்கி வெளியிட்ட விதிகளின்படி, 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களில், மாறும் வட்டியில் தனிநபருக்குத் தொழிலல்லாத காரியத்திற்குக் கொடுக்கப்பட்ட கடனை முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. தொழிலுக்காகப் பெற்ற கடனாயினும், தனிநபரிடமும் சிறு தொழில்களிடமும் பெரிய வணிக வங்கிகள் வாங்கலாகாது. மாநிலக் கூட்டுறவு வங்கி, மத்தியக் கூட்டுறவு வங்கி முதலியவை ரூ.50 இலட்சம் வரையிலான இத்தகைய கடன்களுக்கு வாங்கலாகாது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கும் இடமில்லை.

நல்ல விதிதான். ஆனால் 'மாறும் வட்டி' என்ற இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். பைனான்ஸ் கம்பெனிகளின் வண்டிக் கடன் பெரும்பாலும் நிலையான வட்டியில் அமைவது. அதற்கு இவ்விலக்கு இல்லை. கட்டணம் கம்பெனியின் கொள்கையைப் பொறுத்தது. நகரத்தில் வீடு கட்டக் கடன் பெற்றவருக்கு எளிதிற் கிட்டிய சலுகை, மலையில் புளி ஏற்றும் வண்டிக்காரருக்குக் கிட்டவில்லை. இது குறையே என்பது நமது கருத்து.

கம்பெனிகளின் பக்கத்து நியாயத்தையும் மறைக்க வேண்டியதில்லை. அவர்களும் குறித்த காலத்திற்கு, குறித்த வட்டிக்குப் பணம் திரட்டியே கடன் கொடுக்கின்றனர். ஒருவர் இடையில் முடித்தால் அப்பணத்திற்கு வேறு இடம் தேட வேண்டும். அலுவலகச் செலவும் உண்டு. இவை மெய். ஆயின், மேலே நாம் கண்டபடி வட்டியின் பெரும்பகுதி முற்பாதியிலேயே வந்துவிடுகிறது. பாதிக் காலம் தவறாது செலுத்தியவரிடம் பின்னும் கட்டணம் கேட்பது செலவை ஈடு செய்வதாகாது. ஒழுங்காக நடந்தவரைத் தண்டிப்பதாகும். ஆதலின் நிலையான வட்டிக் கடன்களிலும், சிறு விவசாயிகளும் நெசவாளரும் தொழிலுக்குப் பெற்ற வண்டிக் கடன்களுக்கு, பாதித் தவணைகள் செலுத்திய பின் இக்கட்டணம் இல்லாதொழிய வேண்டும். அறுவடைக் காலத்தில் ஆண்டிற்கு ஒரு முறையேனும் அசலில் ஒரு பகுதியைக் கட்டணமின்றிச் செலுத்த அனுமதி வேண்டும். மாசி, பங்குனியில் புளி உலுக்கிப் பணம் காண்பவருக்குப் பன்னிரண்டு மாதமும் ஒரே தவணை என்பது அவர் வாழ்க்கைக்குப் பொருந்தாத சட்டை.

ஆரணியிலும் காஞ்சியிலும் உள்ள நம் நெசவாளருக்கு இவ்வாதத்தை நீட்டி விளக்க வேண்டியதில்லை. முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி, அதனை முழுதும் தீர்க்கும்வரை வேறு இடத்திற்குத் தறி ஓட்டப் போக முடியாதிருந்த நிலையை அவர்கள் குடும்பந்தோறும் அறிவர். கடன் தொகையைவிட, முடிக்க முடியாமையே அங்கே அடிமைத்தனமாயிற்று. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும், ஊர்தோறும் நெசவாளர் சங்கங்கள் எழுந்ததும், அக்கட்டை அவிழ்ப்பதற்கும்தான். தறிக்கு நாம் வேண்டிய நீதியையே இன்று வண்டிக்கும் வேண்டுகிறோம்.

கையெழுத்திடும் நாளும் முடிக்கும் நாளும்

சட்டம் முழுமை பெறும்வரை அங்கத்தினர் சும்மா இருக்க வேண்டியதில்லை. இருக்கும் விதிகளே அவருக்குச் சில கருவிகளைத் தந்துள்ளன. 2024 அக்டோபர் 1 முதல், வங்கிகளும் பைனான்ஸ் கம்பெனிகளும் தனிநபருக்கும் சிறு தொழில்களுக்கும் வழங்கும் புதிய கடன்களுக்கு, முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை ஒன்றைக் கையெழுத்திற்கு முன் கொடுத்தாக வேண்டும். கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் அது இருத்தல் வேண்டும். எல்லாச் செலவும் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டி வீதம் அதில் இருக்கும். முன்கூட்டி முடிக்கும் கட்டணமும் இருக்கும். அதில் காணாத கட்டணத்தைக் கடன்காரரின் வெளிப்படையான சம்மதமின்றிப் பின்னர் வாங்கலாகாது. ஆகவே "தமிழில் அந்த அறிக்கையைக் கொடுங்கள்" என்று கேட்பது தயவை வேண்டுவதன்று, உரிமையைக் கேட்பது.

முடிக்கும் நாளில் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகக் கூறுவோம். முதலில், இன்ன தேதி வரை செலுத்தினால் இவ்வளவு என்று குறித்த முடிவுத் தொகைக் கணக்கை எழுத்தில் பெற வேண்டும். அசல், அன்று வரை வட்டி, தாமதக் கட்டணம், முடிக்கும் கட்டணம், வரி எனத் தனித்தனியே அதில் காட்டியிருத்தல் வேண்டும். தொகையை வங்கி மூலம் கடன் கணக்கிலேயே செலுத்த வேண்டும். வசூலுக்கு வருபவர் கையில் ரொக்கமாகக் கொடுத்தல் கூடாது. கணக்கு முடிந்ததற்கான கடிதமும், என்.ஓ.சி. எனப்படும் தடையின்மைச் சான்றும், கம்பெனி கையெழுத்திட்ட படிவம் 35-உம் பெற வேண்டும். முன்பு கொடுத்த வெற்றுக் காசோலைகளைத் திரும்பப் பெறுவதும், வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் பிடிக்கும் உத்தரவை நிறுத்துவதும் மறக்கலாகாதவை.

பணம் கட்டியதோடு காரியம் முடிந்தது என்று பலர் இருந்துவிடுகின்றனர். ஆர்.சி.யில் கம்பெனியின் பெயர் இருக்கும்வரை வண்டி முழுதும் அவருடையதாகாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 51-ஆம் பிரிவின்படி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 35-ஐக் கொடுத்து அக்குறிப்பை நீக்க வேண்டும். 'ஹெச்.பி. கேன்சல்' என்று மக்கள் கூறுவது இதனையே. காப்பீட்டுப் பத்திரத்திலும் கம்பெனியின் பெயரை நீக்கச் செய்தல் வேண்டும். மலையிலிருந்து இறங்கி ஒருநாள் வேலையை விட்டுச் செல்ல வேண்டுமே என்று தள்ளிப் போட்டு, ஆண்டுகள் கழித்து வண்டியை விற்கும்போது சான்று காலாவதியாகி, கம்பெனியின் கிளையும் இடம் மாறி அலைவோரை நாம் கண்டிருக்கிறோம். சொந்த உபயோகத்திற்கான கார் போன்ற தனிநபர் கடன்களில், முழுதும் தீர்த்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைக் கொடுத்து ஈட்டுப் பதிவையும் நீக்க வேண்டும் என்றும், தங்கள் தவற்றால் தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.5,000 ஈடு தர வேண்டும் என்றும் 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. இதனை அறிந்து கேட்பவருக்குத் தாமதம் நேர்வது குறைவு.

சங்கங்களின் கடமை

இவ்வளவையும் ஒரு மலைவாழ் விவசாயி தனியே நின்று செய்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. கூட்டுறவு எதற்கு இருக்கிறது? தனியே செய்ய இயலாததைச் சேர்ந்து செய்வதற்கே.

ஒவ்வொரு சங்கத்திலும், மாதத்தில் ஒரு நாளை அங்கத்தினரின் வெளிக் கடன் பத்திரங்களைப் படித்துச் சொல்லும் நாளாக வைக்கலாம். செயலாளருக்கு இது பெருஞ்சுமையன்று. மேலே காட்டிய கணக்கை எழுத்தர் எவரும் அரைமணி நேரத்தில் போட்டுக் காட்ட முடியும். "முகவர் பத்து என்கிறார்; உண்மையில் பதினெட்டு" என்று கையெழுத்திற்கு முன் ஒரு சொல் சொல்லப்பட்டால், அதுவே பின்னர் நூறு புத்திமதிகளுக்கு ஈடாகும். மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குச் சங்கங்கள் இதனை முதலில் மேற்கொள்வது சிறப்பு. அவற்றின் அங்கத்தினருக்கே இது மிகவும் தேவை.

இரண்டாவதாக, நம் வங்கிகள் பிறருக்குச் சொல்லும் நீதியைத் தாமும் பின்பற்ற வேண்டும். நிலுவை அசலுக்கு மட்டும் வட்டி, பருவத்திற்கேற்ற தவணை, எந்நாளும் கட்டணமின்றி முடிக்கும் உரிமை ஆகிய மூன்றையும் தன் வாசலில் எழுதி வைக்கும் கூட்டுறவு வங்கியே வாகனக் கடனில் கம்பெனிகளோடு போட்டியிட முடியும். கம்பெனி ஒரே நாளில் கடன் கொடுக்கிறது. நாமோ பல வாரம் இழுக்கிறோம் என்ற குறையையும் ஒப்புக்கொண்டு திருத்த வேண்டும். அவசரத்தில் இருப்பவர் நீதியைத் தேடிக்கொண்டு நிற்கமாட்டார். கதவு திறந்திருக்கும் இடத்திற்கே போவார்.

மூன்றாவதாக, முன்கூட்டி முடிக்கும் கட்டணம் பற்றிய நமது கோரிக்கையை மகாசபைகளில் தீர்மானமாக நிறைவேற்றி மேலிடத்திற்கு அனுப்ப வேண்டும். வீட்டுக் கடன் பெற்றோரின் குரல் கேட்கப்பட்டு, 2012-இல் மாறும் வட்டி வீட்டுக் கடன்களுக்கு இக்கட்டணம் நீங்கியது. 2014-இல் தனிநபரின் பிற மாறும் வட்டிக் கடன்களுக்கும் வங்கிகளில் நீங்கியது. 2026-இல் எல்லை மேலும் விரிந்தது. விதிகள் மாறக்கூடியவை, கேட்பவர் இருந்தால் மாறுகின்றன. இதுவரை கேளாதிருந்தவர் மலையிலும் வயலிலும் தறியிலும் இருப்பவர்களே.

கடன் வாங்குவது இழிவன்று. கடனில்லாமல் சிறுதொழில் செய்வோர் எங்கும் அரியர். வாங்கிய கடனை என்று, எவ்வளவு செலுத்தி முடிக்கலாம் என்பதை வாங்கும் நாளிலேயே அறிந்திராமைதான் தீங்கு. நுழையுமுன் வெளியேறும் வாசலைப் பார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் கைக்கொள்ள வேண்டும். அவ்வாசலைத் திறந்து வைப்பது நம் சங்கங்களின் பொறுப்பு.